ஓரத்தில் தெரிந்த கை

"வதனி அப்பா, உள்ள ஒரு ஆள் இருக்காங்க, அவங்க வெளியில வந்ததும் நீங்க போகலாம்" என்று கதவைப் பாதி திறந்து சொன்ன நர்ஸ் பெண் திருஞானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அவன் தம்பி கலியமூர்த்தியைப் பார்த்துச் சொன்னாள். அவனும் பெரிய மனுஷனாட்டம் "சரிங்க சிஸ்டர்" என்று தலையை ஆட்டினான். நான் அப்பா இல்லீங்க, சித்தப்பா, இதோ உட்கார்ந்திருக்காரே எங்கண்ணன், இவர்தான் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொன்னால் என்ன முத்தா உதிர்ந்துவிடும். சொல்லவில்லை. நாக்கால் கன்னத்தை உள்ளிருந்து முட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்குகிறவன் மாதிரி சுவரைப் பார்த்தான். சுவரில் கையும் காலும் முளைத்த ஒரு பல் தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு ஈயென்று இளித்தது, பல்லுக்கே பல் இருந்தது, திருஞானத்துக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது. மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இந்தப் பல் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. அவன் ஷார்ஜாவுக்குப் போகும்போது இங்கே ஒரு தையற்கடை இருந்தது. எல்லாம் மாறிவிட்டது, சரி, மாறட்டும், பெத்த பிள்ளைக்கு அப்பா யார் என்பதுமா மாறும். நர்ஸைச் சொல்லிக் குற்றமில்லை. போன வாரம் வதனியின் கன்னம் பன் மாதிரி வீங்கி, காய்ச்சல் வந்து, தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் கலி. மாத்திரை கொடுத்து, வீக்கம் வத்தட்டும், அப்புறம் பல்லை எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டவன் கலி. அப்பா என்று எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் திருஞானம் விமானத்துக்காகப் பெட்டியில் சாக்லேட் அடுக்கிக்கொண்டிருந்தான். லீவு கிடைத்துவிட்டது, ரெண்டு வருஷம் கழித்துப் பிள்ளை முகத்தைப் பார்க்கப்போகிறோம் என்று அவனுக்குச் சட்டைக்குள் காற்று புகுந்த மாதிரி இருந்தது. ஆசிரியை வேலையில் இருக்கிற அவன் மனைவி தமிழரசிக்குப் பரீட்சை நேரம், இன்றைக்கு வர முடியவில்லை. காலையில் புடவைக் கொசுவத்தைச் சொருகிக்கொண்டே "ரெண்டு பேருமா கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க" என்றாள். ரெண்டு பேருமா. ஏன், ஒருத்தன் போதாதா, அப்பன் ஒருத்தன் கூட்டிக்கொண்டு போனால் பல் டாக்டர் பார்க்கமாட்டாளா. அந்த ரெண்டு பேருமா இன்னும் அவன் காதில் நின்றுகொண்டிருந்தது.

காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. பிரஷ்ஷில் அவன்தான் பேஸ்ட் வைத்தான், விளம்பரத்தில் வருகிற மாதிரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சுருள் சுருளாக, தாராளமாக. வதனி அதைப் பார்த்துவிட்டு "இவ்ளோ வைக்கக்கூடாதுங்கப்பா, பட்டாணி அளவுதான் வைக்கணும்" என்றாள். ஆறு வயசுக் குழந்தை. யார் சொன்னது என்று கேட்டான், கேட்டிருக்கவே வேண்டாம், பதில் தெரிந்ததுதான். சரி, பட்டாணி அளவு வைத்து வாயைத் திற கண்ணு என்றால் வாய் பூட்டுப் போட்டுக்கொண்டுவிட்டது. கெஞ்சினான், கொஞ்சினான், தாடையைப் பிடித்து லேசாக அழுத்தினான், அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. மாடியிலிருந்து ஈரத்தலையோடு இறங்கிவந்த கலி அங்கேயே நின்று, "அண்ணே, குடுங்க" என்றுகூடச் சொல்லவில்லை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் தானாகப் போய் அவன் மடியில் மல்லாந்து, தலையை அவன் தொடைமேல் வைத்து, கிணறு மாதிரி வாயைத் திறந்தாள். அவன் கடைவாய்ப் பல்லை ஒவ்வொன்றாகச் சின்ன வட்டம் போட்டுத் தேய்த்துக்கொண்டே மேல்மாடி காலி, கீழ்மாடி காலி, மூலைவீட்டுல யாருடி ஒளிஞ்சிருக்கா, தோசை மாமாவா, இட்லி மாமாவா என்று கதை விட, அது நுரையோடு கெக்கெக்கென்று சிரித்தது. வலிக்கிற பல்கிட்டே வந்ததும் அவன் கை தானாக மெதுவானது. தன் கடையில் மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கை, நகக்கண்ணில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு, மணிக்கட்டில் செப்புக் காப்பு. அந்தக் கைக்கு எந்தப் பல் வலிக்கும், எந்தப் பல் கூசும் என்று தெரிந்திருக்கிறது. திருஞானம் பேஸ்ட் டியூப் மூடியைத் திருகிக்கொண்டு நின்றான். இன்னொன்று, அது அவன் வந்த அன்றைக்கே உறுத்த ஆரம்பித்தது: வதனி அவனை வாங்கப்பா, உக்காருங்கப்பா என்கிறாள், எல்லாம் நீங்க வாங்க. கலியைப் பார்த்தால் டேய் சித்தப்பா, இங்க வா, நீ ஏன் லேட்டு. தமிழரசி பெருமையாகச் சொன்னாள், பாத்தீங்களா, உங்களுக்கு எவ்வளவு மரியாதை குடுக்குறான்னு. மரியாதை. வீட்டுக்கு வந்த எல்.ஐ.சி. ஏஜென்டுக்கும் அந்த மரியாதையைத்தான் கொடுத்தாள்.

மரியாதை கிடக்கட்டும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கை. அதை நினைக்கக்கூடாது என்று விமானத்தில் வரும்போதே தீர்மானம் செய்திருந்தான், நினைக்கக்கூடாது என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். ஷார்ஜாவில் வேலையாட்கள் தங்குகிற கேம்ப்பில் மேல்கட்டில் அவனுடையது. வேலை முடிந்து பஸ்ஸில் வந்து குளித்துவிட்டுப் போனை எடுக்கும்போது இங்கே வதனி பல் விளக்கி, பாயில் படுத்து, கண் சொக்கக் கிடப்பாள். தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்துவைத்து, வதனிம்மா, அப்பா வந்திருக்கேன், பாருடா என்றால் ஆரம்பத்தில் பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்காது, தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அதற்குத்தான் சாக்லேட்டைக் கண்டுபிடித்தான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் குவித்துவைத்திருப்பார்கள், உள்ளே ஜவ்வு மாதிரி இழுக்கிற கேரமல் வைத்தது, பொன் காகிதம் சுற்றியது. ஊருக்குப் போகிற ஆள் யார் கையில் கிடைத்தாலும் ஒரு பாக்கெட். பகலில் கொடுக்கக்கூடாது, அப்பா போனில் வரும்போது மட்டும்தான் என்று தமிழரசியிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தான். பலித்தது. போன் மணி அடித்தாலே எழுந்து உட்கார்ந்து அப்பா என்றாள். காகிதத்தைப் பிரிப்பாள், வாயில் போடுவாள், மென்னு, மென்னு, அப்பா பாக்குறேன்ல, நல்லா மென்னு என்பான். அந்தச் சின்னத் தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு வெயிலில் பட்டதெல்லாம் இறங்கிவிடும். இப்படியே போயிற்று. பொங்கல் கழிந்து ஒருநாள் போனின் ஓரத்தில் அந்தக் கை வந்தது. வதனியின் முகவாய்க்குக் கீழே, படத்துக்குள் பாதி, வெளியே பாதி, நகக்கண் கறுப்பும் செப்புக் காப்பும். ஒரு நிமிஷம் இருக்கும், வதனி குனிவாள், போன் ஒரு பக்கம் சாயும், நிமிரும்போது கை இருக்காது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். படுக்கிற நேரத்தில், தமிழரசி படுக்கிற அறையில், மாடி அறையில் இருக்கவேண்டியவன் கை என்ன செய்கிறது? அப்பா அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவர்கள் மூன்று பேர்தான். வீட்டைப் பார்த்துக்கடா என்று விமான நிலையத்தில் அந்தக் கையைப் பிடித்துச் சொன்னவனே இவன்தான். பக்கத்துக் கட்டில்காரன் ஒருநாள் எட்டிப் பார்த்து, யாருண்ணே அது, தம்பியா, கல்யாணம் ஆகலையா இன்னும் என்று சும்மாதான் கேட்டான். சும்மா கேட்டானா. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சீ, தமிழரசி அப்படிப்பட்டவள் இல்லை, கலி அவன் தோளில் வளர்ந்தவன், நினைத்த நெஞ்சில் புற்று வைக்க என்று தன்னையே வைதுகொள்வான், வைதுவிட்டு மறுநாள் போனை எடுக்கும்போது பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஓரத்தைத்தான் பார்ப்பான்.

அதனால்தான் அந்த வாக்கியத்தைச் செய்துவைத்திருந்தான். கலி, உன் கடைக்கு மேல ரூம் சும்மாதானே கிடக்கு, நீ அங்கேயே தங்கிக்க, உனக்கும் வசதி. கோபமில்லாமல், ஊர் சிரிக்காமல், அண்ணன் தம்பிக்கு நல்லது சொல்கிற மாதிரி. நான் திரும்பிப் போவதற்குள் அவன் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். இங்கே வரும்போது டீக்கடையில் பாதி ஆரம்பித்தான், "உன்கிட்ட ஒண்ணு பேசணும்டா, பல்லு வேலை முடியட்டும்" என்று. கலி ஒரு பக்கக் கடைவாயாலேயே டீயை உறிஞ்சிக்கொண்டு "பேசுவோம்ணே" என்றான், என்ன ஏது என்று கேட்கவில்லை, தெரிந்திருக்குமோ. தெரிந்தால் தெரியட்டும். போன மாதம் வதனிக்கு முதல் பல் விழுந்தபோது, கீழ்வரிசை முன்பல், சாணி உருண்டைக்குள் வைத்து ஓட்டுமேல் எறிய வேண்டும், அப்பன் தூக்கி எறியவைக்க வேண்டியது. கலி அவளைத் தோளில் உட்காரவைத்து, அவள் எறிந்து, அது ஓட்டில் நிற்காமல் உருண்டு கலி தலையிலேயே விழுந்து, வீடே விழுந்து விழுந்து சிரித்ததைத் தமிழரசி வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். அவனும் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பினான். அதற்கும் முன்னால், கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரிகிறது என்று தமிழரசி சொன்னபோது "பால் பல்லுதானே, விழுந்துரும், விடு" என்று சொன்னவனும் அவன்தான், அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. வதனி கலியின் செப்புக் காப்பைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தாள். பயப்படுகிறாள். பயம் வந்தால் அந்தக் காப்பைத்தான் உருட்டுவாள் போலிருக்கிறது. திருஞானத்தின் மணிக்கட்டில் புதுக் கடிகாரம் மினுக்கிக்கொண்டிருந்தது, அதை அவள் ஒருதரம்கூடத் தொடவில்லை.

கூப்பிட்டார்கள். நாற்காலி படுக்கை மாதிரி சாய்ந்தது, மேலே விளக்கு. டாக்டரம்மாவுக்கு வயசு அதிகமில்லை, ஆனால் ஹெட்மிஸ்ட்ரஸ் பார்வை. "போன தடவை வந்த அப்பா நீங்கதானே, இவரு யாரு?" என்று கேட்க, கலி அவசரமாக "நான் சித்தப்பாங்க, இவருதான் அப்பா, வெளிநாட்டுல இருந்தாரு" என்றான். சொல்லிவிட்டான். சொன்னதும் திருஞானத்துக்குச் சந்தோஷம் வரவில்லை, பிச்சை போட்ட மாதிரி இருந்தது. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த ஒன்றை எடுத்தாக வேண்டும், வேர் வரைக்கும் போய்விட்டது, இன்னும் ரெண்டுக்கு அடைப்புப் போட வேண்டும் என்றாள். "பால் பல்லுன்னு விட்டுருவீங்க. இது பத்து, பதினொரு வயசு வரைக்கும் இருக்கவேண்டிய பல்லு. இப்பவே போனா பக்கத்துப் பல்லு சாஞ்சு இடத்தைப் பிடிச்சுக்கும், புதுப்பல்லு வர வழி இருக்காது. ஆறினதும் கம்பி வளையம் ஒண்ணு மாட்டணும்" என்றாள். விட்டுருவீங்க என்றது தனக்குத்தான் என்று திருஞானத்துக்குப் பட்டது. பிறகு அவள் குரலை மாற்றிக்கொண்டு குழந்தையிடம் குனிந்தாள். "வதனிக்குட்டி, காலைல நல்லா விளக்குற, தெரியுது. முன்பல்லு பளபளன்னு இருக்கு. ராத்திரி விளக்குவியா?" வதனி தலையாட்டினாள். "விளக்கின பிறகு ஏதாவது சாப்பிடுவியா?" வதனி உடனே கலியைப் பார்த்தாள். கலி தரையைப் பார்த்தான். திருஞானம் அந்த ரெண்டு பார்வையையும் பார்த்தான், பார்த்தாயா, ரெண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது, எனக்குத் தெரியாத ஏதோ என்று அவனுக்குள் சூடாக ஏறியது. "சொல்லுடா கண்ணு, அடிக்கமாட்டேன்" என்றாள் டாக்டரம்மா. "சாக்லேட்" என்றாள் வதனி. "அப்பா போன்ல பாப்பாங்க. ஆனா நான் முழுங்கமாட்டேன். மென்னா பல்லு வலிக்கும். சித்தப்பா கைய வைக்கும், துப்பிருவேன். அப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா அழுவாங்கன்னு சித்தப்பா சொல்லிருக்கு."

நர்ஸ் பெண் எதையோ தட்டில் வைத்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் ஈறில் தடவுகிற மருந்து ஸ்ட்ராபெரி வாசனை என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், துப்பினது நல்லதுதான், ஆனா அதுக்கு முன்னாடி எத்தனை மாசமா முழுங்கியிருக்கான்னு பல்லே சொல்லுதே என்றும் சொன்னாள், திருஞானத்தின் காதில் பாதிதான் விழுந்தது. அவன் போனுக்குள் போய்விட்டான். பொங்கல் கழிந்து ஒருநாள். வதனி காகிதம் பிரிக்கிறாள், வாயில் போடுகிறாள், மென்னு கண்ணு, நல்லா மென்னு, அப்பா பாக்குறேன்ல என்று அவனே சொல்கிறான், அவள் முகம் சுளிக்கிறது, புளிப்பா என்று கேட்டுச் சிரிக்கிறான். புளிப்பு. பிள்ளைக்கு உயிர் போகிறது, அவன் புளிப்பா என்று கேட்டிருக்கிறான். வலிக்குதுப்பா என்று ஒருநாளும் சொல்லவில்லை, சாக்லேட் இல்லாவிட்டால் போன் இல்லை, போன் இல்லாவிட்டால் அப்பா இல்லை என்று கணக்குப் போட்டிருக்கிறது அந்த வாண்டு. அப்புறம் கை வருகிறது. முகவாய்க்குக் கீழே, குழித்து, ஏந்தி. கை எதற்குக் குழிந்திருந்தது என்று இத்தனை மாதத்தில் ஒருதரமாவது யோசித்தானா. யோசித்ததெல்லாம் வேறு. தமிழரசியின் முகம் ஞாபகம் வந்தது, சாக்லேட் தீர்ந்துபோச்சு, இனிமே அனுப்பாதீங்களேன் என்று அவள் ரெண்டு மூன்று தடவை சொன்னாள், காசு மிச்சம் பிடிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து அடுத்த வாரம் பெரிய பாக்கெட்டாக அனுப்பினான். ஊசி போட்டார்கள். வதனி கத்தவில்லை, ஒரு கையைக் காற்றில் துழாவினாள், கலி காப்புக் கையை நீட்டப்போய், அண்ணனைப் பார்த்து, பாதியில் இழுத்துக்கொண்டான். அவன் இழுத்துக்கொண்டதுதான் திருஞானத்துக்குத் தாங்கவில்லை. "பிடிடா அவ கையை" என்றான், அதட்டுகிற மாதிரி.

பல் வந்துவிட்டது. கறுத்து, ஒரு பக்கம் கரைந்து, புளியங்கொட்டை உடைந்தது போல. பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லி, அரைமணி நேரம் கழித்துத் துப்பலாம், மரத்துப்போன உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெளியே அனுப்பினாள் டாக்டரம்மா. கலி சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்குப் போனான். திருஞானமும் வதனியும் அதே நாற்காலிகளில், அதே இளிக்கிற பல்லுக்கு எதிரே. பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். இன்னும் இருந்தது, இன்னும் அதிகமாகவே இருந்தது, ஆனால் இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தது. கலி அந்த அறையில் இருந்தான் என்பதில் இல்லை இப்போது. வலிக்கும்போது பிள்ளை யாரிடம் சொன்னது, எந்தக் கையில் துப்பியது, அதில். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இந்த உடம்பை வெயிலில் போட்டுக் காய்ச்சி அவன் வாங்கியது பொன் காகிதம். கலி சும்மா கையை நீட்டி வாங்கியிருக்கிறான் எல்லாவற்றையும். அரைமணி ஆகியிருக்கும், வதனியின் கீழுதடு ஒரு பக்கம் தொங்கியது, பஞ்சு நனைந்து ரோஸ் நிறத்தில் எச்சில் ஒழுகியது. அவள் பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பினாள், நாற்காலி காலியாக இருந்தது. இடப்பக்கம் திரும்பினாள். திருஞானம் கர்ச்சீப்பைத் தேடினான், பேன்ட் பையில் பாஸ்போர்ட் நகலும் சில்லறையும்தான் வந்தன. அவள் அவன் கையைப் பார்த்தாள். கையை நீட்டினான், வணக்கம் சொல்கிறவன் மாதிரி விறைப்பாக. வதனி அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக உள்ளே மடக்கி, "இப்டி இல்லப்பா, குயியா வையி" என்று குழறிக்கொண்டு சொல்லிவிட்டு, பஞ்சை அதில் துப்பினாள். சூடாக இருந்தது. அவன் கையை அசைக்கவில்லை.

கலி படியேறி வந்தான், மருந்து பாட்டிலும் கையுமாக. அண்ணன் கையைப் பார்த்தான், வதனியைப் பார்த்தான், பார்க்காதது மாதிரி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். "ஏதோ பேசணும்னீங்களேண்ணே" என்றான். கடைக்கு மேல ரூம் சும்மாதானே கிடக்கு என்று ஆரம்பிக்கிற அந்த வாக்கியத்தைத் திருஞானம் தேடினான், அது எப்படி ஆரம்பிக்கும் என்று தெரிந்திருந்தும் அதைத் தொட மனசு வரவில்லை. "கலி" என்றான். "தினம் அவ துப்புறதை என்னடா பண்ணுவ?" கலி செப்புக் காப்பைத் திருகினான். "என்ன பண்றது. நான் தின்னுருவேன்" என்றான். "நீங்க அங்க கிடந்து வாங்கி அனுப்புனது. தூரப் போட மனசு வரலண்ணே." சொல்லிவிட்டு அசடு வழியச் சிரித்தான், நாக்கு மறுபடியும் கன்னத்தை முட்டியது. "அதான் பாருங்க, எனக்கே இந்தப் பக்கம் ஒரு பல்லு ரெண்டு மாசமா குத்துது." திருஞானம் உள்ளங்கையை மூடிக்கொண்டு எழுந்தான். நர்ஸ் பெண் கதவைத் திறந்து, இன்னும் போகலையா, யாருக்குப் பாக்கணும் என்று கேட்டாள். "என் தம்பிக்கு" என்றான்.